பல்லு வலிக்குப் போட்ட ஒரு மாத்திரை, குரலே போச்சு. இப்ப எந்த மாத்திரையைப் பாத்தாலும் கை அரிக்குது

செந்தூல் மல்லி · வெள்ளி, இரவு 11.20

வணக்கம். நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க. எங்கயாவது கொட்டினாத்தான் தூக்கம் வரும்போல.

மூணு வாரத்துக்கு முந்தி கீழ்க் கடவாப் பல்லு சீழ் வச்சு தாடை வீங்கிடுச்சு. பல் கிளினிக்குல, வீக்கம் வடியட்டும், பிறகு புடுங்கலாம்னு அஞ்சு நாளைக்கு மாத்திரை கொடுத்தாங்க. அமோக்ஸிசிலினும் கிளாவுலானிக் ஆசிடும் சேர்ந்தது, 625. எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அந்த 'இல்லை'க்குக் கீழ வர்றேன்.

ராத்திரி 8.40க்கு சாப்பிட்டு முதல் மாத்திரை. பாத்திரம் கழுவிக்கிட்டு நின்னேன். உள்ளங்கை அரிச்சுச்சு. புது சோப்பு ஆகலைபோலன்னு நெனச்சேன். அப்புறம் உள்ளங்கால். சோப்பு கால்ல படலையே! தலையில முடி வேரெல்லாம் நமநமன்னுச்சு, காது ரெண்டும் அடுப்புகிட்ட நின்ன மாதிரி சூடு. உதடு தடிச்சப்பக்கூட பல்லு வீக்கம்தான் மேல ஏறுதுன்னு இருந்துட்டேன். ஏற்கெனவே வீங்கின மூஞ்சிக்கு இது ஒரு கஷ்டம், புது வீக்கம் எது, பழசு எதுன்னு யாருக்குத் தெரியும்? வயித்தைப் பிசைஞ்சு கக்கூசுக்கு ஓடினேன். வெளிய வந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டா, அவரு டிவியை விட்டுத் திரும்பி "யாரு பேசறது?"ங்கறாரு. என் குரல் அவருக்கே தெரியல.

அம்மா, சூடு புடிச்சிருக்கு, இளநி வெட்டுன்னாங்க. மகன்தான் (படிவம் 2 படிக்கிறான்) ஓடிப்போய் மாத்திரைப் பாக்கெட்டை எடுத்துக்கிட்டு வந்தான். நாங்க இருக்கறது ஆறாவது மாடி. லிஃப்டுல நிக்கும்போதே கண்ணு இருட்டி அப்படியே உக்காந்துட்டேன்.

ரெண்டு ரோடு தள்ளி 24 மணி நேர கிளினிக் ஒண்ணு இருக்கு, காடியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோனாரு. அந்த டாக்டரம்மா என் பேரு, ஐசி (அடையாள அட்டை) ஒண்ணும் கேக்கல. பாக்கெட்டைப் பாத்தாங்க, என்னைப் படுக்க வச்சாங்க, தொடையில துணியோட சேத்து ஒரு ஊசி. ரெண்டு நிமிஷத்துல தொண்டைக்குள்ள கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்துச்சு. நெஞ்சு மட்டும் தடதடன்னு ஆடுச்சு. பிறகு ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, ரொம்ப மோசமானவங்களைப் பாக்கற சிவப்பு ஸோன்.

ராத்திரி ஒரு மணிக்கு நல்லா இருந்தேன். வீட்டுக்குப் போறேன்னு அடம் புடிச்சேன். மகன் வயசுலேருந்து கொஞ்சம் பெரியவர் மாதிரி ஒரு டாக்டர், முடியாதுன்னுட்டாரு. மூணு மணிக்கு மறுபடி தடிப்பு, மறுபடி தொண்டை இறுக்கம், மறுபடி தொடையில ஊசி. அன்னைக்கு அவரு விட்டிருந்தா? அந்த நெனப்புதான் இன்னும் போகல.

இப்ப அந்த 'இல்லை'. ரெண்டு வருஷத்துக்கு முந்தி தொண்டை வலிக்கு வேற ஒரு கிளினிக்குல ஒரு கேப்சூல் கொடுத்தாங்க. மூணாம் நாள் முதுகெல்லாம் செவப்புத் தடிப்பு. நானா நிறுத்திட்டேன், சரியாயிடுச்சு. பிளாஸ்டிக் பையில 'அன்டிபயோடிக், 3 வேளை'ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. பேரே இல்லாத ஒண்ணை ஆகாதுன்னு நான் யாருகிட்ட எப்படிச் சொல்றது?

பல்லு இன்னும் வாயிலதான் இருக்கு, வலிக்குது. பெனடோல் (பாராசிட்டமோல்) போடக்கூட பயம். மாத்திரையைக் கையில எடுத்தாலே உள்ளங்கை அரிக்குது, சத்தியமா அரிக்குது. இதைத் தாண்டி வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

தாமான் கோழி · வெள்ளி, இரவு 11.48

ஐயோ மல்லி. படிக்கவே பதறுது. அடுத்த தடவை இப்படி ஆனா உடனே ஒரு கிளாஸ் பால் குடிங்க, மருந்து முறிஞ்சிரும். பிரிட்டன்னு அரிப்புக்குப் போடற அலர்ஜி மாத்திரை ரெண்டு போட்டுப் படுத்தா காலையில சரியாயிடும். எங்க வீட்டுல எப்பவும் அதுதான்.

மாத்திரை எண்ணுறவ · சனி, காலை 7.05

கோழி, கோவிச்சுக்காதீங்க, ஆனா இதை அப்படியே விட முடியாது. நான் பார்மசிஸ்ட், பெட்டாலிங் ஜெயா பக்கம் வேலை.

தோல்ல மட்டும் தடிப்பு, அரிப்புன்னா பிரிட்டன் மாதிரி மாத்திரை உதவும். மல்லிக்கு வந்தது அது இல்ல. தோலு, வயிறு, குரல், இரத்த அழுத்தம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல தாக்கற, உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அனஃபிலாக்சிஸ். அதுக்கு முதல் மருந்து அட்ரினலின் ஒண்ணுதான். பெரியவங்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கம் சதையில. சரியாகலைன்னா 5 நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. பிரிட்டன் அரிப்பைத்தான் அடக்கும். தொண்டை வீக்கத்தைத் திறக்காது, விழுந்த பிரஷரைத் தூக்காது. இதுல மோசம் என்னன்னா, அரிப்பு அடங்கினதும் 'கொறைஞ்சிடுச்சு'ன்னு நெனச்சு வீட்டுலயே உக்காந்துடுவோம். பால், இளநி, புளித்தண்ணி எதுவும் வேண்டாம். தொண்டை வீங்கினவங்க வாயில எதை ஊத்தினாலும் மூச்சுக்குழல்ல போகலாம்.

மூணு மணிக்குத் திரும்ப வந்துச்சே, அதுக்குப் பயந்துதான் உங்களை விடல. எல்லாருக்கும் அப்படி ஆகாது. யாருக்கு ஆகும்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி தடிப்போட போனது இப்ப ஏன் இப்படின்னு கேப்பீங்க. 1902ல ரிஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரும் போர்த்தியேன்னு ஒருத்தரும் நாய்ங்களுக்குக் கடல் சாமந்திங்கற கடல் பிராணியோட விஷத்தை ஏத்திப் பாத்தாங்க. முதல் ஊசியைத் தாங்கின நாய், சில வாரம் கழிச்சு ரொம்பக் கொஞ்சமா அதே விஷத்தை ஏத்தினதும் நிமிஷத்துல செத்துப்போச்சு. அந்த அதிசயத்துக்குத்தான் அனஃபிலாக்சிஸ்னு பேரு வச்சாங்க, 1913ல ரிஷேக்கு நோபல் பரிசு. முதல் தடவை உடம்பு ஆளை அடையாளம் வச்சுக்கும், அடுத்த தடவைதான் அடிக்கும். உங்க முதல் தடிப்பு அந்த அடையாளம்தானா, இல்ல வேற வகைத் தடிப்பான்னு நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். அந்த கேப்சூல் பேரு தெரியாம யாராலயும் சொல்ல முடியாது.

தாமான் கோழி · சனி, காலை 7.31

கோவம் இல்ல லா. பால் விஷயம் எங்க ஆயா சொன்னது. இனி சொல்லமாட்டேன்.

கெப்போங் காடி · சனி, காலை 9.10

ஒரு சந்தேகம். ஆம்புலன்ஸுக்கு 999 அடிக்கணுமா, காடியில ஏத்திக்கிட்டுப் போகணுமா? ஜாலான் ஈப்போ ஜேம் நேரத்துல ஆம்புலன்ஸ் எப்ப வந்து சேரும்? மல்லி வீட்டுக்காரர் செஞ்சதுதான் சரின்னு எனக்குப் படுது.

சிலாயாங் மிஸி · சனி, மதியம் 1.40

எமர்ஜென்சி பக்கம் பல வருஷம் நின்னவ. அண்ணே, ரெண்டு ரோடு தள்ளி டாக்டர் இருந்தா போறதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், அட்ரினலின் எங்க சீக்கிரம் கிடைக்குமோ அங்கதான் போகணும். அந்தக் கிளினிக்குல இருக்கும்னு தெரிஞ்சா. பக்கத்துல எதுவும் இல்லைன்னா 999, கைபேசியிலேருந்து 112 அடிச்சாலும் போகும். போன்ல 'அலர்ஜி'ன்னு மட்டும் சொல்லாதீங்க, தடிப்புன்னு நெனச்சுப்பாங்க. 'மருந்து சாப்பிட்டாங்க, மூச்சு முட்டுது, மயங்குறாங்க'ன்னு சொல்லுங்க.

நான் பயந்தது லிஃப்டைப் படிச்சப்பதான். நின்னுகிட்டு வந்தீங்களே தங்கச்சி! பிரஷர் விழுந்த ஆளை நிக்க வைக்கவோ நடக்க வைக்கவோ கூடாது. இரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கி இருதயத்துக்கு ஒண்ணும் திரும்பாது, எழுந்து நின்ன அந்த நிமிஷத்துலயே போனவங்க இருக்காங்க. மட்டமாப் படுக்க வச்சு காலைத் தூக்கி வைக்கணும். மூச்சு முட்டுதுன்னா காலை நீட்டி உக்கார வைக்கலாம். வாந்தி வந்தா ஒருக்களிச்சு. மாசமா இருக்கறவங்களை இடது பக்கம். ஆறாவது மாடின்னாலும் தூக்கிக்கிட்டு வாங்க, ஆளை நடத்தாதீங்க.

உங்க மகனுக்கு என் சார்பா ஒரு மைலோ வாங்கிக் கொடுங்க. பாக்கெட்டைக் கையோட கொண்டுவந்தவன் பாதி வேலையை முடிச்சிட்டான்.

பட்டர்வொர்த்காரன் · சனி, மாலை 4.22

எல்லா அலர்ஜியும் இப்படி நிமிஷத்துல வராது, அதையும் யாராவது சொல்லணும். எங்க அப்பாவுக்கு கோ-டிரைமாக்ஸசோல்னு சல்ஃபா மருந்து. முதல் வாரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் காய்ச்சல், கண்ணு செவப்பு, வாயெல்லாம் புண்ணு. சளிக்காய்ச்சல்னு நெனச்சு மருந்தை விடாம போட்டோம், அதுதான் நாங்க செஞ்ச தப்பு. அப்புறம் தோலு தீப்பட்ட மாதிரி கொப்புளிச்சு உரிஞ்சுச்சு. ஸ்டீவன்ஸ்-ஜான்சன்னு சொன்னாங்க. பாலம் தாண்டி பினாங்குத் தீவுக்குக் கொண்டுபோய் மூணு வாரம் வச்சிருந்தோம். பொழச்சாரு. கண்ணுக்கு இன்னும் சொட்டு மருந்து விடறாரு.

அவருக்கு அட்ரினலின் ஊசி உதவாது, அது வேற வழியில வர்ற நோய். திரும்பச் சோதிச்சுப் பாக்கறதுகூட கூடாதுன்னுட்டாங்க. அந்த மருந்து வாழ்நாள் முழுக்கக் கிடையாது, அவ்வளவுதான்.

டிரெசர் பேரன் · சனி, இரவு 9.15

பினாங்கு, ஜெலுத்தோங். எங்க தாத்தா தோட்டத்துல டிரெசர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து, ஊசி போடறவர். அந்தக் காலத்துல காய்ச்சலா, புண்ணா, பென்சிலின் ஊசிதான். ஊசி போட்டதும் பால்வெட்டுக்காரங்க யாரையும் உடனே அனுப்ப மாட்டாராம், அரை மணி நேரம் பெஞ்சுல உக்காரணும். கோவிச்சுக்கிட்டு எழுந்து போறவனைக் கங்காணியை விட்டுக் கூட்டிவரச் சொல்வாராம். அவரு பெட்டியில பென்சிலினுக்குப் பக்கத்துலயே அட்ரினலின் குப்பி இருக்கும். 'ரெண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, பிரிக்கக்கூடாது'ம்பாராம்.

இதுல கதை என்னன்னா, எங்க அம்மாவுக்கு ஏழு வயசுல அந்த ஊசி போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சிருக்கு. அன்னையிலேருந்து 'பென்சிலின் ஆகாது'. 55 வருஷம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் செவப்பு மையில எழுதுவாங்க. போன வருஷம் கால் சர்க்கரைப் புண்ணுக்கு மருந்து தேர்ந்தெடுக்கறப்ப ஒரு ஸ்பெஷலிஸ்ட், சோதிச்சுப் பாத்துடலாம்னாரு. கையில குத்திப் பாத்தாங்க, பிறகு தோலுக்கடியில, பிறகு வாயில கொஞ்சம், அப்புறம் முழு அளவு. பக்கத்துலயே ஊசி தயாரா வச்சுக்கிட்டு. ஒண்ணுமே ஆகல! அம்மா பாதி சந்தோஷம், பாதி ஏமாத்தம். 55 வருஷமா சொல்லிக்கிட்டிருந்த ஒரு பெருமை போச்சேன்னு.

செந்தூல் மல்லி · ஞாயிறு, காலை 8.02

எல்லாருக்கும் நன்றி. டிரெசர் பேரன், படிச்சு சிரிச்சேன், மூணு வாரத்துல முதல் தடவை. ஆனா ஒண்ணு உறுத்துது. அப்ப என்னோடதும் சும்மா பேருக்குத்தானா? வீட்டுலயும் ஒரு சொந்தக்காரர், 'ஒரு மாத்திரைக்கு இவ்வளவு ஆட்டமா'ன்னு கேட்டுட்டாரு.

மாத்திரை எண்ணுறவ · ஞாயிறு, காலை 10.30

இல்லைம்மா. உங்களுது நிஜம். மூணு வாரத்துக்கு முந்தி, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துச்சு, விடியறதுக்குள்ள ரெண்டு ஊசி போட வேண்டியிருந்தது. நீங்க போட்ட அமோக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான், சோதிச்சு ஸ்பெஷலிஸ்ட் சொல்ற வரைக்கும் அந்த வகை எதையும் தொடக்கூடாது. அந்தச் சொந்தக்காரர் கிடக்கட்டும்.

பேரன் சொன்னதும் நிஜம். பென்சிலின் ஆகாதுன்னு சொல்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல, சோதிச்சா ஒண்ணும் இருக்காது. சின்ன வயசுல காய்ச்சலோட வந்த வைரஸ் தடிப்பை மருந்து மேல போட்டிருப்பாங்க. நிஜமாவே இருந்தவங்களுக்குக்கூட மருந்தைத் தொடாம பத்து வருஷம் போனா பெரும்பாலும் மறைஞ்சிடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்ல. ஆனா வீட்டுல போட்டுச் சோதிக்கிற வேலை யாரும் வச்சுக்காதீங்க, அந்த முழு அளவைக் கொடுக்கறப்ப பக்கத்துல ஊசியோட ஆள் நிக்கணும். மல்லி, அந்தச் சோதனைக்கும் கொஞ்சம் பொறுங்க, பொதுவா நாலிலேருந்து ஆறு வாரம் கழிச்சுத்தான் செய்வாங்க.

இப்ப எனக்கு எரிச்சலான விஷயத்துக்கு வர்றேன். 'அன்டிபயோடிக், 3 வேளை.' நம்ம மலேசியாவுல டாக்டரே மருந்தையும் கொடுக்கறாரு, சீட்டு எழுதி வெளிய வாங்குங்கன்னு அனுப்பறது குறைவு. அதனால பேரு நம்ம கண்ணுல படற ஒரே இடம் அந்தப் பை. அதுல பேரு இல்லைன்னா கவுண்டர்லயே நின்னு எழுதி வாங்குங்க. பின்னால ஆளு வரிசையில நிக்கட்டும், பரவால்ல. பேரு தெரிஞ்சாலும் இன்னொரு சிக்கல். அமோக்ஸிசிலின், அம்பிசிலின், குளோக்சசிலின் எல்லாம் 'சிலின்'னு முடியும், அடையாளம் தெரியும். ஆக்மென்டின், யூனாசின் மாதிரி வியாபாரப் பேருல அது ஒளிஞ்சிருக்கும். பென்சிலின் ஆகாதுன்னு தெரிஞ்சவங்களே ஏமாறுவாங்க. அதனால வியாபாரப் பேரு இல்ல, மருந்தோட சொந்தப் பேரைக் கேளுங்க.

செஃபாலெக்சின், செஃபாக்லோர் இதெல்லாம் தூரத்துச் சொந்தம். அதுலயும் இந்த ரெண்டும் அமோக்ஸிசிலினுக்குக் கொஞ்சம் கிட்டத்து முகச்சாயல். டாக்டர் பாத்துச் சொல்லாம உங்களுக்கு வேண்டாம். எரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் எல்லாம் வேற குடும்பம்.

ஆஸ்பத்திரியில கார்டு கொடுத்தாங்களா?

செந்தூல் மல்லி · ஞாயிறு, காலை 10.52

கொடுத்தாங்க, அலாஹான் கார்டு, அதாவது அலர்ஜி கார்டு. 'அன்டிபயோடிக்'னு எழுதியிருக்கு.

மாத்திரை எண்ணுறவ · ஞாயிறு, காலை 10.55

அடக் கடவுளே.

நாளைக்கே அதை எடுத்துக்கிட்டு அதே ஆஸ்பத்திரி பார்மசிக்குப் போங்க. மருந்துப் பேரு, தேதி, என்ன ஆச்சு, என்ன ஊசி போட்டாங்க, நாலும் எழுதி வாங்குங்க. இந்தக் கார்டோட மயங்கிக் கிடந்தீங்கன்னா டாக்டர் எந்த மருந்தைத் தவிர்ப்பாரு? எல்லாத்தையுமா? உங்களுக்கு ஆனதை தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையான என்பிஆர்ஏகிட்ட புகார் மாதிரி தெரிவிச்சாங்களான்னும் கேளுங்க. இல்லைன்னா நீங்களே தெரிவிக்கலாம், பொதுமக்களுக்கும் படிவம் இருக்கு.

கெப்போங் காடி · ஞாயிறு, மதியம் 12.15

இந்த பேனா மாதிரி அட்ரினலின் ஊசி விக்கறாங்களே, மல்லி ஒண்ணு வாங்கிக் கைப்பையில வச்சுக்கலாமே?

சிலாயாங் மிஸி · ஞாயிறு, மதியம் 2.08

கடலைக்கும் குளவிக்கும் ஆகாதவங்களுக்கு அது அவசியம், எங்க எப்ப மாட்டுவாங்கன்னு தெரியாது. மருந்து தானா வந்து கடிக்காது. எந்த மருந்துன்னு தெளிவாத் தெரிஞ்சு அதைத் தவிர்க்க முடிஞ்சா பொதுவா எழுதிக் கொடுக்க மாட்டாங்க. டாக்டர்கிட்ட கேளுங்க, கடையில போய் வெலை விசாரிக்காதீங்க.

பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்க யாராவது இதைப் படிச்சா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லி வையுங்க. அவங்களுக்கு அட்ரினலின் சரியா வேலை செய்யாம போகலாம்.

உள்ளங்கை அரிப்பு விஷயம். சிரிக்க மாட்டேன், பாத்திருக்கேன். வெறும் பயமா, நிஜமான்னு கண்டுபிடிக்க ஒரு வழி: தோலைப் பாருங்க. தடிப்பு இருக்கா? குரல் மாறுதா? இல்லைன்னா பத்து நிமிஷம் ஆள் பக்கத்துல உக்காருங்க. முன்னாடி எத்தனையோ தடவை ஒத்துக்கிட்ட பெனடோலை, பகல் நேரத்துல, வீட்டுக்காரர் பக்கத்துல இருக்கறப்ப போட்டுப் பாருங்க. ராத்திரி தனியா போடாதீங்க. ஆபத்துன்னு இல்ல, ராத்திரி எல்லாமே பெருசாத் தெரியும்.

பல்லு டாக்டர் பக்கத்துல நிக்கிறவ · ஞாயிறு, இரவு 8.44

நான் பல் கிளினிக் உதவியாளர், பிரிக்பீல்ட்ஸ். மல்லி அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், யாரும் சொல்லல. பல்லு எடுக்க முந்தி போடற மரத்துப்போற ஊசியில பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், இரத்தம் அதிகம் வராம இருக்கவும் மரப்பு ரொம்ப நேரம் நீடிக்கவும். போட்டதும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அன்னைக்கு ராத்திரி மாதிரியே இருக்கும். அது அலர்ஜி இல்ல. உங்களைக் காப்பாத்தின அதே மருந்துதான், ரொம்பக் கொஞ்சமா. முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்கன்னா மெதுவாப் போடுவாரு.

பல்லை விட்டு வைக்காதீங்க. சீழுக்கு உண்மையான வைத்தியம் பல்லை எடுத்து வடிக்கிறதுதான், மாத்திரை அதுக்குத் துணை.

செந்தூல் மல்லி · புதன், மாலை 5.30

கார்டு மாத்தியாச்சு. அமோக்ஸிசிலின்-கிளாவுலானிக் ஆசிட், தேதி, அனஃபிலாக்சிஸ், அட்ரினலின் ரெண்டு தடவை. ஐசிக்குப் பின்னாடி வச்சிருக்கேன். ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டரும் கொடுத்தாங்க, தேதி வரணும். மகனுக்கும் வருமான்னு கேட்டேன், அம்மாவுக்கு வந்ததால மட்டும் அவனுக்கு நிறுத்த வேண்டியதில்லைன்னாங்க.

பழைய கிளினிக்குக்கும் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு பெட்டிக்குள்ள தேடி என் அட்டையை எடுத்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி டாக்டர் கையெழுத்துல இருந்துச்சு: அமோக்ஸிசிலின் 500. அவங்ககிட்ட எழுதி இருந்திருக்கு. என் பையில மட்டும்தான் இல்ல. சண்டை போடணும்னு போனேன், அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து முடியல. ஒரு காகிதத்துல எழுதி வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பல்லு.

மாத்திரை எண்ணுறவ · புதன், மாலை 6.11

அந்தக் காகிதத்தையும் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கொண்டுபோங்க. மூணாம் நாள் தடிப்புன்னும் சேத்துச் சொல்லுங்க.

செந்தூல் மல்லி · வியாழன், மதியம் 12.50

வாயில பஞ்சு, பேச முடியல, அதான் எழுதறேன். ஊசி போட்டதும் நெஞ்சு தடதடன்னு அடிச்சுச்சு. கையைப் பாத்தேன், தடிப்பு இல்ல. கண்ணை மூடிக்கிட்டு நூறு எண்ணினேன். எழுபதுலயே அடங்கிடுச்சு. மெட்ரோனிடசோல் கொடுத்திருக்காங்க, பையில பேரு எழுதியிருக்கு. முதல் மாத்திரையை கிளினிக்குலயே உக்காந்து போட்டேன், ஒரு மணி நேரம் ஆச்சு. வீட்டுக்காரர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "ஏதாவது பேசு"ங்கறாரு. பஞ்சோட எப்படிப் பேசறது?